டப்பா மூடியும் படாக் பலகையும்

பதினோரு மாதம், வாரத்தில் ஐந்து நாள், மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு பிஸ்கட் டப்பா மூடியின் மேல் நான் தோற்றிருக்கிறேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. வருகைப் பதிவேட்டில்கூட எனக்கு அப்படியோர் ஒழுங்கு கிடையாது. தோற்றதைப் பற்றி வெட்கமில்லை. "மேலதிகாரியாச்சே, தோற்றால் மனசு கஷ்டப்படுமே என்று விட்டுக்கொடுக்கிறேன்" என்று போர்ட் பிளேர் ஜெட்டி, அதாவது கப்பல்துறை, முழுக்கச் சொல்லித் திரிந்தேன் பாருங்கள், அதுதான் வெட்கம். சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் நானே அதை நம்பிவிட்டேன்.

இந்தப் பழைய புண்ணைக் கிளறியவர் ஷபானா. தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களில் சரக்கு ஏற்றும் பிரிவில், நான் தேய்த்துப் பளபளப்பாக்கிய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர். எந்தச் சரக்கை எங்கே வைப்பது என்று இனிமேல் கம்ப்யூட்டர் சொல்லுமாம். அந்தக் கம்ப்யூட்டருக்கு இடம் பண்ண ஸ்டோர் ரூமைக் காலி செய்திருக்கிறார்கள். உடைந்த மேசைகளுக்குப் பின்னாலிருந்து, படாக் என்னும் இந்தத் தீவு மரத்தில் செய்த ஆளுயரப் பலகை ஒன்று வந்திருக்கிறது. கட்டம் கட்டமாகக் கோடு, கட்டத்துக்குக் கட்டம் கொக்கி, கூடவே ஒரு சாக்கு நிறையச் சாயம் போன மரக்கட்டைகள். ஷபானா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "சார், யே க்யா சீஸ் ஹை? என்ன சாமான் இது, பெரிய லூடோவா? ஆபீஸ்ல ரெண்டு கட்சி ஆயிடுச்சு."

நான் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து நின்றேன். என் மனைவி, "என்ன, பூகம்பமா?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்துவைத்தாள். இந்தத் தீவுகளில் அது நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குள் குலுங்கியது வேறு. அந்தப் பலகையைப் பார்த்த நொடியில், முப்பது வருஷ உத்தியோகத்தில் எனக்குத் தோன்றாத ஒன்று தோன்றியது: அந்த டப்பா மூடி ஆட்டம் இந்தப் பலகைக்கு ஒத்திகை!

ஆடுபுலி ஆட்டம் சதுரங்கத்துக்கு முந்தியதா பிந்தியதா, ஒன்று மற்றொன்றுக்கு வெள்ளோட்டமா என்றெல்லாம் அறிஞர்கள் பக்கம் பக்கமாகச் சண்டை போடுவதை நூலகத்தில் படித்திருக்கிறேன். படித்துவிட்டு, "நேரில் பார்த்தவன் எவனும் இல்லாத ஊரில் எல்லாரும் சாட்சி சொல்கிறார்கள்" என்று சிரித்ததும் உண்டு. இப்போது பாருங்கள், இந்த ஒரு விஷயத்தில் நேரில் பார்த்தவன் இருக்கிறேன். ஆகவே ஷபானாவுக்கும், ரெண்டு கட்சிகளுக்கும், என் சாட்சியம்.

எனக்கு வேலை கற்றுத்தந்த கதை சிறிது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தேன், ஒரு பென்சிலும் சாக்கட்டியும் கொடுத்தார்கள், மூட்டையை எண்ணச் சொன்னார்கள், எண்ணினேன். அவ்வளவுதான். எண்ணத் தெரிந்தவனுக்கு ஏற்றவும் தெரியும் என்று யாரோ நினைத்ததில் வந்தது வினை.

எங்கள் பிரிவின் தலைவி ராஜேஸ்வரி மேடம். ஹட் பே என்னும் ஊரில் வளர்ந்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஜெட்டியில் கத்தாமல் வேலை வாங்கிய ஒரே மனிதப்பிறவி. கன்னத்தில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொள்வார். அதனால் பாதி வார்த்தைதான் வெளியே வரும், அந்தப் பாதியே போதுமானதாக இருக்கும். ஏற்றுவதற்கு முன்னால் கப்பலின் சரக்கறை விளிம்பில் முதுகைச் சாய்த்து நின்று கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று முதல் மாதம் நினைத்தேன். இல்லை. காலிக் கப்பலிலிருந்து மனசுக்குள் சரக்கை இறக்கிக்கொண்டிருக்கிறார். முதல் துறையில் எது வெளியே வரும், அதன் தலைமேல் என்ன இருக்கும், அடுத்த துறையில் எது. எல்லாத் துறையும் முடிந்த பிறகே கண்ணைத் திறந்து, "சலோ, ஏத்துங்க" என்பார். அவர் எங்களுக்குச் சொன்ன ஒரே பாடமும் அதுதான்: "ஏத்துறதுக்கு முன்னாடி இறக்கிப் பாருங்க."

மேடம் லீவில் போன ஒரு நாள் நான் இறக்கிப் பார்க்காமல் ஏற்றினேன்.

கப்பல் லாங் ஐலண்ட், ரங்கத், மாயாபந்தர் என்று போக வேண்டும். பட்டியலிலும் அதே வரிசை. நான் ரேஷன் கடை வரிசையில் வளர்ந்தவன். முதலில் இருப்பவருக்கு முதலில் கொடுப்பதே தர்மம். லாங் ஐலண்ட் சரக்கை முதலில் ஏற்றினேன். அதன்மேல் ரங்கத் அரிசி. அதன்மேல் மாயாபந்தர் சிமெண்ட். பார்க்க அழகாக, கோயில் கோபுரம் மாதிரி இருந்தது. கோபுரத்தின் அடியில், மூலஸ்தானத்தில், லாங் ஐலண்ட் பவர் ஹவுஸ் எஞ்சினுக்கான பாகம் ஒரு மரப்பெட்டியில் இருந்தது.

அந்தப் பெட்டிக்குத் துணையாக ஒருவர் வந்திருந்தார். பவர் ஹவுஸ் ஆபரேட்டர் சவரிமுத்து. எஞ்சின் படுத்து ஒரு வாரம். தீவில் விளக்கில்லை, மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீரில்லை. ஏற்றிய சரக்கோடு நானும் கப்பலில் போவது வழக்கம். வழியெல்லாம் என்னிடம், "சார், ஊரே எம்மேல காண்டா இருக்கு சார். என் பெஞ்சாதியே எனக்கு மெழுகுவத்திய ஏத்திவச்சு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுதான் சோறு போடுறா" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஆறுதல் சொன்னேன். நல்ல ஆறுதல்.

லாங் ஐலண்ட் ஜெட்டியில் ஊரே கூடி நின்றது. நீரோட்டம் மோசம், அரை மணிதான் நிற்கலாம் என்றார் கேப்டன். சரக்குத் தூக்கும் விஞ்சை இயக்கும் எக்கா என்பவர், சரக்கறை வாயான ஹேட்சுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "பாபு, பெட்டி கிதர் ஹை?" நான் கையால் கீழே காட்டினேன். அவர் சிமெண்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அரை மணியில் பாதிச் சிமெண்ட்கூட நகரவில்லை. கப்பல் சங்கு ஊதியது. சவரிமுத்து தன் ஊரைப் பார்த்தபடியே, தன் பெட்டியோடு, மாயாபந்தருக்குப் போனார். ஜெட்டியில் ஒரு பெண் கையை வீசிக்கொண்டிருந்தாள். வழியனுப்புகிறாள் என்று நினைத்து நானும் வீசினேன்.

"அது என் பெஞ்சாதி சார்," என்றார் சவரிமுத்து. "வைய்யிறா."

பெட்டி திரும்பி வந்து இறங்க ஐந்து நாள் ஆனது.

மேடம் லீவு முடிந்து வந்ததும் நான் விளக்கம் சொன்னேன். பட்டியல், வரிசை, தர்மம், நீரோட்டம். சாப்பாட்டு வேளை முழுக்கச் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். மேடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் பிஸ்கட் டப்பா மூடிகள் இரண்டை வைத்தார். ஒவ்வொன்றிலும் ஆணியால் கீறிய ஆறு கட்டம், பக்கத்துக்கு மூன்று. ஒரு துணிப்பை நிறையச் சோடா பாட்டில் மூடிகள், சிவப்பு, நீலம், வெள்ளை.

"வாங்க செல்வம், ஆடுவோம்," என்றார்.

ஆட்டம் எளிது. பையில் கைவிட்டு, பார்க்காமல் ஒரு மூடியை எடுக்க வேண்டும். எடுத்ததை உடனே உங்கள் டப்பாவில் ஏதாவது ஒரு கட்டத்தில் வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வரை அடுக்கலாம். இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு மூடிக்குமேல் வித்தியாசப்படக் கூடாது. ஆளுக்குப் பன்னிரண்டு வைத்த பிறகு வெளியே எடுக்க வேண்டும். முதலில் சிவப்பெல்லாம், பிறகு நீலம், பிறகு வெள்ளை. சிவப்பின் தலையில் வேறு நிறம் உட்கார்ந்திருந்தால் அதை நகர்த்தவேண்டும். ஒரு நகர்த்தலுக்கு ஒரு குற்றம். குற்றம் குறைந்தவர் வென்றவர். இன்னொன்று: ஆட்டத்தில் ஒரே ஒருமுறை, உங்கள் கையில் வந்த மூடியை எதிராளியின் தலையில் கட்டலாம், பதிலுக்கு அவர் எடுக்க வேண்டிய மூடிகளில் ஒன்றை நீங்கள் எடுக்க வேண்டும். மேடம் இந்த உரிமையை நான் டப்பாவை ஏறக்குறைய நிரப்பி நிம்மதியாக மூச்சுவிடும் தருணத்தில் பயன்படுத்துவார். கிராம்பைக் கன்னம் மாற்றி ஒதுக்கினால் வருகிறது என்று அர்த்தம்.

நான் தோற்ற விதங்களைத் தொகுத்தால் ஒரு நிகண்டு வரும். எனக்கு எந்தக் கட்டமும் சும்மா இருக்கக் கூடாது. ஆறு கட்டத்திலும் ஆளைக் குடிவைத்துவிட்டுத்தான் மறுவேலை. மேடமோ ஐந்து கட்டத்தில் நெருக்கிக்கொண்டு ஆறாவதைக் கடைசிவரை சும்மா போட்டிருப்பார். "மேடத்துக்கு இடத்த உபயோகிக்கத் தெரியல" என்று எக்காவிடம் ரகசியமாகச் சொன்னேன். எக்கா, "அச்சா?" என்றார். "அப்ப தினம் ஜெயிக்கிறது யாரு பாபு?"

"விட்டுக்கொடுக்கிறேன்யா."

"பஹுத் படா தில்," என்றார் எக்கா. எவ்வளவு பெரிய மனசு! அந்த மனுஷனுக்குச் சிரிக்காமல் சிரிக்கத் தெரியும்.

பதினோராம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு ஞானம் பிறந்தது. போதி மரம் எல்லாம் இல்லை. சூரை மீன் குழம்பு. மேடத்தின் தட்டில் சோறு, குழம்பு, பொரியல் மூன்றும் ஒதுங்கி இருக்க, ஒரு மூலை மட்டும் காலியாக இருந்தது. முள் எடுக்க எடுக்க அங்கே போய்ச் சேர்ந்தது. என் தட்டில் விளிம்புவரை சோறு. முள்ளை வைக்க இடமில்லாமல் மேசையில் ஒன்று, டிபன் மூடியில் ஒன்று, ஒன்று என் சட்டைப் பையில். நான் அந்தக் காலி மூலையைப் பார்த்தேன். டப்பா மூடியைப் பார்த்தேன். மறுபடி மூலையைப் பார்த்தேன். அது வீணாகப் போன இடம் இல்லை! நகர்த்துவதற்கான இடம்! நகர்த்த இடமிருந்தால், கீழே உள்ள எதையும் எடுத்துவிடலாம்!

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஆட உட்கார்ந்தேன். முதல் ஐந்து கட்டத்தில் நெருக்கினேன். ஆறாவதைத் தொடவில்லை. கை பரபரத்தது, காலி மனையைப் பார்த்த போர்ட் பிளேர்காரன் கை அல்லவா! தொடவில்லை. மேடம் கிராம்பைக் கன்னம் மாற்றி ஒரு சிவப்பை என் தலையில் கட்டினார். காலிக் கட்டத்தில் வைத்தேன். முதலில் வெளியே எடுக்க வேண்டியதும் அதுதான், எடுத்தேன். கட்டம் மறுபடி காலி. என் குற்றம் ஒன்று. மேடத்தின் குற்றம் இரண்டு.

நான் மேசைமேல் ஏறி நின்றதாக எக்கா சொல்வது பொய். நாற்காலிமேல்தான் நின்றேன்.

மேடம் தன் டப்பாவை இரண்டுமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு கிராம்பை வெளியே எடுத்தே விட்டார். "ஜெயிச்சுட்டீங்க செல்வம்," என்றார். குரலில் சொல்ல முடியாத ஒரு நிம்மதி. தோற்றவர் குரலில் நிம்மதி ஏன் என்று நான் யோசிக்கவில்லை. ஜெயித்தவன் எதை யோசித்தான்?

நாலு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, லாங் ஐலண்ட் எஞ்சின் மறுபடி படுத்தது.

பாகம் மெயின்லேண்டிலிருந்து வந்த பெரிய கப்பலில், போர்ட் பிளேரின் இன்னொரு துறைமுகமான ஹாடோவில் இருந்தது. அதை இறக்கி வாங்க மேடமே போனார். எங்கள் கப்பல் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில். போகும்போது, "ஏத்திடுங்க செல்வம்" என்றார். அவ்வளவுதான். பெட்டி வருமா, எப்போது வரும், எதுவுமில்லை. வானிலை மோசம் என்று புறப்பாட்டை வேறு இரண்டு மணி நேரம் முன்னுக்கு இழுத்திருந்தார்கள். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

நான் சரக்கறை விளிம்பில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். மாயாபந்தர் சிமெண்ட் அடியில். ரங்கத் அரிசி அடுத்து. பெட்டி கனம், மூட்டைமேல் வைக்க முடியாது, தளத்தில் உட்கார வேண்டும், விஞ்சுக்கு நேர் கீழே. கண்ணைத் திறந்து, ஜெட்டியை ஒட்டாத கடல் பக்கத்தில், ஹேட்சின் அடியில், ஒரு பெரிய சதுரத்துக்குச் சாக்கட்டியால் கோடு போட்டேன். "இதுக்குள்ள யாரும் எதையும் வைக்கக் கூடாது."

அதற்குப் பிறகு நடந்ததுதான் யுத்தம்! நிறைந்துவரும் கப்பலில் ஒரு காலியிடம் எப்படி ஆளை இழுக்கும் என்பது ஏற்றியவனுக்குத்தான் தெரியும். ஒருவர் தகரக் கட்டோடு வந்தார். ஒருவர் மோட்டார் சைக்கிளோடு வந்தார். பிறகு பெரிய அதிகாரியின் பியூன் வந்தார், பின்னால் நாலு பேர் தூக்கிவர ஒரு ஃப்ரிட்ஜ்.

"செல்வம் அண்ணா, படே சாஹிப் வீட்டு ஃப்ரிட்ஜ். மாயாபந்தர் போகணும். இந்தா, இங்கயே ஜகா இருக்கே."

"அது ஆள் இருக்கிற இடம்."

"யாரு இருக்கா? என் கண்ணுக்குத் தெரியலையே."

"வருவாங்க."

"சாஹிப் கேட்டா என்ன சொல்ல?"

"செல்வம் வேணாம்னான்னு சொல்லுங்க."

பியூன் ஒரு காகிதத்தை எடுத்தார். "முழுப் பேரு சொல்லுங்கண்ணா. ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர்ல முழுப் பேரு வேணும். கேம்பல் பே இப்ப நல்லா இருக்கும், மழை சீசன்."

தெற்கே கேம்பல் பேக்குப் போனவன் திரும்பும்போது பிள்ளைகள் அடையாளம் கேட்பார்கள். முழுப் பேரையும் சொன்னேன், அப்பா பேரோடு.

பிறகு கப்பலில் கேப்டனுக்கு அடுத்தவரான மேட் கத்திக்கொண்டு வந்தார். "அரே செல்வம், கப்பல் ஜெட்டிப் பக்கம் சாயுது தேக்கோ! அந்தப் பக்கம் காலியா விட்டா சாயாம என்ன செய்யும்? ரொப்பு!" உண்மைதான். கப்பல் நாலு விரல் சாய்ந்திருந்தது. ஆட்டத்தில் இரண்டு மூடிவரை சாயலாம் என்று அவரிடம் சொல்ல முடியுமா? எக்கா விஞ்சை விட்டு இறங்கி வந்தார். "பாபு, மேடம் வரலைன்னா?"

"பெட்டி வரும்."

"பதினோரு மாசம் தோத்தவன் பேச்சு இது."

"வெள்ளிக்கிழமை ஜெயிச்சேன்."

எக்கா என்னை ஒருமுறை பார்த்தார். போய் விஞ்சில் ஏறிக்கொண்டு, மேட் எவ்வளவு கத்தியும் கொக்கியை இறக்காமல் உட்கார்ந்தார்.

புறப்பாட்டுக்கு இருபது நிமிஷம் இருக்கையில் மேடம் அனுப்பிய லாரி வந்தது. லாரிமேல் பெட்டி. பெட்டிமேல், குதிரைச் சவாரி மாதிரி, சவரிமுத்து. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒளி அணைந்தது.

"அய்யோ சார், நீங்களா? வேற ஆளே இல்லையா சார் இந்த டிபார்ட்மெண்ட்ல?"

"சவரிமுத்து, இறங்குங்க. இந்தத் தடவை யார் அடியிலயும் இல்ல, யார் தலைமேலயும் இல்ல. தனி இடம்."

எக்கா பெட்டியைத் தூக்கினார். அது ஆடாமல் ஹேட்சுக்குள் இறங்கி, சாக்கட்டிக் கோட்டுக்குள், கோட்டை மிதிக்காமல் உட்கார்ந்தது. உட்கார்ந்த அந்த நொடியில் என் காலுக்கடியில் கப்பல் மெதுவாக அசைந்து, நிமிர்ந்தது! நாலு விரலும் நேராயிற்று. ஃப்ரிட்ஜை மேல்தளத்தில் தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். ரங்கத் வரை ஒரு தாத்தா அதில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்.

லாங் ஐலண்டில் அலை அன்று இன்னும் மோசம். "பத்து நிமிஷம்," என்றார் கேப்டன். நாலாவது நிமிஷத்தில் பெட்டி ஜெட்டியில் இருந்தது. ஒரு மூட்டை நகரவில்லை. ஒரு குற்றம் இல்லை! ஜெட்டியில் அதே பெண் கையை வீசினாள். நான் போன தடவை பட்டதில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஆட்டுங்க சார்," என்று கீழேயிருந்து கத்தினார் சவரிமுத்து. "இன்னிக்கு நெசமாவே உங்களுக்குத்தான்."

இரண்டு கையையும் வீசினேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் படாக் பலகை ஆபீஸ் சுவரில் ஏறியது. கட்டங்கள் சரக்கறையின் வரைபடம், கட்டைகள் சரக்கு, துறைக்கு ஒரு நிறம். ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்னால் இரண்டு கட்சி பிரிவோம். ஒரு கட்சி கட்டைகளை மாட்டும். மறு கட்சி கெடுக்கும். "ரங்கத்ல மழை, அரிசி இறக்க முடியல, இப்ப சிமெண்ட எடுங்க பார்ப்போம்." "விஞ்ச் ரிப்பேர்." "படே சாஹிப் ஃப்ரிட்ஜ்." கெடுக்கவே முடியாமல் நிற்கும் அடுக்குத்தான் கப்பலேறும். கேம்பல் பே ஆர்டரும் வரவில்லை. அந்தப் பலகை இருந்தவரை எவருடைய பெட்டியும் ஊரைப் பார்த்துக்கொண்டே அடுத்த ஊர் போனதில்லை.

ஷபானா, இப்போது ஆதாரங்களைப் பாருங்கள். மூன்று நிறம், அங்கும் இங்கும். சாய்வு விதி, அங்கும் இங்கும். எதிராளி தலையில் கட்டுவது, அங்கும் இங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நான் ஜெயித்தது வெள்ளிக்கிழமை, பலகை வந்தது அதிலிருந்து பத்தாம் நாள், திங்கட்கிழமை. சிறியது பெரியதுக்கு ஒத்திகை! என் வெற்றியைக் கண்டுதான் மேடத்துக்கு அந்தப் பெரிய யோசனையே பிறந்திருக்கிறது!

இதை இப்படியே எழுதி முடித்துவிட்டு, ஒரு நேர்மைக்காக, ஹட் பேயில் ஓய்விலிருக்கும் மேடத்துக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டேன், மனைவியும் கேட்கட்டும் என்று. மூச்சுவிடாமல் என் ஆராய்ச்சி முழுவதையும் சொன்னேன். அந்தப் பக்கம் கிராம்பு கன்னம் மாறும் சத்தம் கேட்டது.

"ஒத்திகைதான் செல்வம்," என்றார் மேடம். "சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க."

நான் மனைவியைப் பார்த்தேன்.

"யோசனை மட்டும் நீங்க சிமெண்ட அடுக்கின வாரமே வந்துருச்சு. ஆனா புரியாத பலகைய மாட்டி என்ன செய்ய? டப்பா மூடியில சின்னதா செஞ்சு உங்ககிட்ட ஆடிப் பார்த்தேன். உங்களுக்கே வெளங்கிருச்சுன்னா, அப்புறம் டிபார்ட்மெண்ட்ல யாருக்கும் வெளங்கும்ல? ஆசாரிகிட்ட அன்னிக்கே மரத்த அறுத்து வைக்கச் சொல்லிட்டேன். அவரு பாவம், மாசா மாசம் வந்து, 'செல்வம் சார் ஜெயிச்சுட்டாரா மேடம்'னு கேட்டுட்டுப் போவாரு."

என் மனைவி தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். அங்கிருந்து வந்த சத்தம் தண்ணீர் குடிக்கும் சத்தம் இல்லை.

"பதினோரு மாசம்," என்றார் மேடம். "நல்லவேளை படாக் மரம் செல்வம். வேற மரமா இருந்தா கறையான் அரிச்சிருக்கும்."